மான் எத்தனை மணிக்கு வருது? கேமராகிட்ட கேளு தம்பி!

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரைச் சுத்தி மலையடிவாரத்துல கடலை, அவரை, மொச்சை போட்டிருக்கிற யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாரு, ஒரே பேச்சுதான்: "ராத்திரி மான் இறங்கிருச்சுக்கா." எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமா, எத்தனை உருப்படி, முதல்ல வந்தது மான்தானான்னு திருப்பிக் கேட்டா பதில் வராது. அந்தப் பதில் தெரியாமலேதான் கம்பி வேலிக்கும் வெடிக்கும் காவலுக்கும் காசு கரைஞ்சுக்கிட்டு இருக்கு.

இப்போ தானியங்கி கேமரா ஆன்லைன்லயே கிடைக்குது. மரத்துல வாரைப் போட்டுக் கட்டிட்டு வந்துட்டா, குறுக்கே ஏதாவது போகும்போது தானா படம் எடுத்து, தேதியும் நேரமும் போட்டு வெச்சிரும். அமெரிக்காவுல வேட்டைக்காரங்க மானோட பழக்கவழக்கத்தைப் படிக்கிறதே இதை வெச்சுத்தான். நம்ம நாட்டுல வேட்டை கிடையாது. ஆனா அவங்க படிச்ச பாடம் நம்ம வெள்ளாமையைக் காப்பாத்தவும் உதவும். கேமரா வாங்கலாமான்னு யோசிக்கிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் அக்கா சொல்ற டிப்ஸ் இது.

1. சட்டம் முதல்ல, கேமரா அப்புறம்

1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். புள்ளிமானோ கடமானோ கேளையாடோ, எதுவா இருந்தாலும் கண்ணி வெச்சாலும் நாய் விட்டாலும் ஜெயில்தான். "என் தோட்டத்துக்குள்ள வந்துச்சு, அதான் அடிச்சேன்"ங்கிற பேச்சு எடுபடாது.

கேமராவை உன் பட்டா நிலத்துல மட்டும் கட்டு. காப்புக்காட்டுக்குள்ள ஒரு மரத்துல கட்டணும்னாலும் வனத்துறை அனுமதி வேணும். நம்ம பக்கம் இன்னொரு விஷயமும் இருக்கு. 2022 அக்டோபர்ல கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிச்சாங்க. 11,806 ஹெக்டேர். கரூர் மாவட்டத்துல கடவூர், நம்ம மாவட்டத்துல வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் தாலுகாக்கள்ல இருக்கிற காடுகள் அதுல சேருது. உன் தோட்டத்து எல்லைக்கல் தாண்டினா யாரோட இடம்னு தெரியலைன்னா வனச்சரக அலுவலகத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கோ. கேமரா கட்டப் போறேன்னும் அப்படியே சொல்லி வெச்சிரு. நாளைக்குப் பயிர்ச் சேதத்துக்கு மனு கொடுக்கும்போது அந்த அறிமுகம் கை கொடுக்கும்.

2. வேட்டைக்காரங்க தெரிஞ்சுக்கிட்டது என்ன?

இந்தக் கேமராவுக்கு வழி காட்டினதே ஒரு வேட்டைக்காரர்தான். அமெரிக்காவுல ஜார்ஜ் ஷைராஸ்னு ஒருத்தர், துப்பாக்கியைக் கீழ வெச்சுட்டு, கயிறு தட்டினா ஃபிளாஷ் வெடிக்கிற மாதிரி கேமரா கட்டி ராத்திரியில மானைப் படம் பிடிச்சார். 1906 ஜூலை நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ்ல அவரோட 74 படங்கள் வந்துச்சு. நம்ம நாட்டுல 1920கள்ல எஃப். டபிள்யூ. சாம்பியன்னு ஒரு வனத்துறை அதிகாரி அதே வழியில புலியைப் படம் பிடிச்சார்.

இன்னிக்கு அங்கே வேட்டைக்குப் போறவங்க மரத்துக்கு மரம் கேமரா கட்டுறாங்க. அதுல அவங்களுக்குத் தெரிஞ்ச பெரிய உண்மை இதுதான்: "இந்தப் பக்கம் கெடா மானே இல்லை"ன்னு ஒதுக்கின இடத்துலயெல்லாம் கெடா மான் இருந்துச்சு. ஆள் நடமாட்டம் அடங்கினப்புறம் வந்து, விடியறதுக்குள்ள போயிருச்சு. நாம வர்ற நேரம் பார்த்து அது தன்னோட நேரத்தை மாத்திக்குது.

இது மானுக்கு மட்டும் இல்லை. 62 வகைப் பாலூட்டிகளைப் பத்தின ஆய்வுகளைத் தொகுத்து 2018ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. மனுஷத் தொந்தரவு அதிகமான இடங்கள்ல விலங்குகளோட ராத்திரி நடமாட்டம் சராசரியா 1.36 மடங்கு ஆகுதுன்னு அதுல கணக்குப் போட்டிருக்காங்க. நீ சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் தோட்டத்துல நின்னா, மான் வராம போறதில்லை, எட்டு மணிக்கு வரும். அதனால "நான் இருந்த வரைக்கும் ஒண்ணும் வரலை"ங்கிறதைக் கணக்குல சேர்க்காதே.

இன்னொரு சேதியும் கேட்டுக்கோ. தண்ணி அரிதான அரிசோனா மாநிலத்துல, வேட்டைக்காக இந்தக் கேமராவைப் பயன்படுத்தவே 2022 ஜனவரியில இருந்து தடை. நாலு கேமராவைத் தண்ணிக் குட்டையில கட்டிட்டா மானுக்குப் போக்கிடம் இல்லாம போயிடுதுன்னு வேட்டைக்காரங்களுக்குள்ளயே சண்டை வந்துச்சு. வறண்ட பூமியில தண்ணி எங்கே இருக்கோ அங்கேதான் விலங்கு மாட்டும். நம்ம ஊருக்கும் அதே கதைதான்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. அமெரிக்க மான் வீடியோ பார்த்துட்டு நம்ம மானுக்குக் கணக்குப் போடாதே. அங்கே வெள்ளைவால் மானுக்கு இணை சேர்ற காலம் பெரும்பாலும் நவம்பரை ஒட்டி. குளிர்காலத்துல கொம்பு விழும். நம்ம புள்ளிமானுக்கு அப்படி ஒரே சீசன் கிடையாது. ஒரே கூட்டத்துல ஒரு கெடாவுக்கு முத்தின கொம்பு இருக்கும், இன்னொண்ணுக்குத் தோல் மூடி மெத்துன்னு புதுக்கொம்பு வளர்ந்துக்கிட்டு இருக்கும்.

3. வந்தது மான்தானான்னு பயிரைப் பார்த்தே பாதி சொல்லலாம்

கேமராவுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி, காலையில குனிஞ்சு கடிபட்ட செடியைப் பாரு.

மானுக்கு மேல்தாடையில முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லாலயும் மேல் ஈறாலயும் கவ்வி இழுக்கும். அதனால தண்டு நார் நாரா பிய்ஞ்சிருக்கும். முயல் கடிச்சதுன்னா கத்தியால சாய்வா சீவின மாதிரி சுத்தமா இருக்கும். காட்டுப்பன்னி மண்ணையே உழுது போட்டிருக்கும், கடலையை வேரோட புரட்டியிருக்கும். மயில் கொத்தினா விதைக் குழியும் இளங்காயும் போயிருக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஆட்டுக்கும் மேல் முன்பல் கிடையாது. வெள்ளாடு மேஞ்சாலும் மான் மேஞ்ச மாதிரியேதான் தண்டு பிய்ஞ்சிருக்கும். புழுக்கையும் ஏறக்குறைய ஒண்ணு மாதிரிதான். அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊரு, வீட்டுக்கு வீடு ஆடு. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஆட்டையும் மலை மேல இருக்கிற மானையும் கண்ணை மூடிக்கிட்டுப் பழி சொல்லி வரப்புச் சண்டை ஆனதுதான் மிச்சம். இந்த இடத்துலதான் கேமரா பஞ்சாயத்து இல்லாமலேயே தீர்ப்பு சொல்லிரும்.

வந்தது பன்னியா மானாங்கிறதும் சும்மா தெரிஞ்சுக்கிற விஷயம் இல்லை. 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு காட்டுப்பன்னிக்குத் தனியா ஒரு ஏற்பாடு அறிவிச்சுச்சு. காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள எதுவும் செய்யக் கூடாது, ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடலாம், மூணு தாண்டினா வனத்துறை ஆளுங்களே சுடலாம். அதுவும் பன்னிக்கு மட்டும்தான், அதுவும் வனத்துறை கையால மட்டும்தான். மானுக்கு அந்தப் பேச்சே இல்லை.

4. எங்கே, எப்படிக் கட்டணும்?

தோட்டத்துக்கு நடுவுல கட்டாதே. நடுவுல கட்டினா மான் மேயிறதைத்தான் பார்ப்பே, எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாது. வேலியை ஒரு சுத்து சுத்தி வா. கிளுவை வேலியில சந்து விழுந்த இடம், ஓடை தோட்டத்தைத் தொடுற இடம், கம்பியில ரோமம் ஒட்டியிருக்கிற இடம், மண்ணுல குளம்பு ஒரே திசையில பதிஞ்சிருக்கிற இடம். அதுல ஒண்ணைப் பிடிச்சுக்கோ.

உயரம்: உன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல. புள்ளிமானோட நெஞ்சு மட்டத்துக்கு லென்ஸ் இருக்கணும். ஆள் உயரத்துல கட்டினா குட்டி தப்பிச்சிரும், முதுகுதான் படத்துல வரும்.

திசை: வடக்கு பார்த்து, இல்லைன்னா தெற்கு பார்த்து. மான் அதிகமா நடமாடுறது விடியக்காலையும் அந்தியும்தான். கிழக்கு மேற்கு பார்த்துக் கட்டினா சரியா அந்த நேரத்துல வெயில் லென்ஸ்ல அடிச்சுப் படம் வெளுத்துப் போகும்.

கோணம்: தடத்துக்கு நேர் குறுக்கே வெக்காதே. கொஞ்சம் சாய்ச்சு, தடம் நீளவாக்குல தெரியுற மாதிரி வெச்சா மான் நாலஞ்சு எட்டு படத்துக்குள்ளயே நடக்கும். நேர் குறுக்கே வெச்சா கேமரா முழிக்கிறதுக்குள்ள வால் மட்டும்தான் மிஞ்சும்.

ஃபிளாஷ்: பளிச்னு வெள்ளை வெளிச்சம் அடிக்கிறது வேண்டாம். அகச்சிவப்பு விளக்கு வெச்சது வாங்கு. அதுலயும் ரெண்டு ரகம். 850 நானோமீட்டர் விளக்கு ராத்திரியில லேசா செவப்பா மினுக்கும், படம் தூரம் வரைக்கும் தெளிவா விழும். 940 நானோமீட்டர் விளக்கு வெளியே தெரியவே தெரியாது, தூரம் குறையும். வேலிச் சந்துக்கு 940 போதும். திருடன் கண்ணுக்கும் படாது.

கட்டி முடிச்சதும் முன்னாடி ஒரு ஆள் அகலத்துக்குப் புல்லையும் ஆடுற கிளையையும் வெட்டி விடு. இல்லைன்னா காத்தடிச்சா ராத்திரி முழுக்கப் புல்லுதான் படத்துல இருக்கும். கேமராவோட இடுக்குல எறும்பு கூடு கட்டும், லென்ஸ் மேல சிலந்தி வலை பின்னும். கார்டு மாத்தப் போகும்போது ஒரு பழைய பிரஷ் கையில இருக்கட்டும்.

5. சித்திரை வெயில் ஏமாத்தும்

இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். இந்தக் கேமராவுல இருக்கிற பி.ஐ.ஆர். சென்சார் கண்ணால பார்க்கிறது இல்லை. சுத்தி இருக்கிற சூட்டுக்கும் நகர்ற உடம்போட சூட்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தைத்தான் பிடிக்குது. மானோட உடம்புச் சூடு 38, 39 டிகிரி. அக்னி நட்சத்திர நாள்ல மத்தியானம் நம்ம ஊர்க் கரடும் பாறையும் அதே சூட்டுக்கு வந்துரும். அப்போ சென்சாருக்கு மான், சுண்ணாம்புச் சுவர் முன்னாடி நிக்கிற வெள்ளைச் சட்டைக்காரர் மாதிரி. இருந்தும் தெரியாது.

அதனால ஏப்ரல், மே மாசத்துல "பகல்ல மான் வரவே இல்லை"ன்னு கேமரா சொன்னா முழுசா நம்பாதே. தண்ணித் தொட்டிகிட்டயும் கிணத்துமேட்டுலயும் குளம்புத் தடத்தைக் கண்ணால பார்த்து ஒத்துப் பாரு. சென்சாரோட உணர்திறனை 'ஹை'ன்னு மாத்து. கேமராவை நிழல்ல கட்டு, பாறையைப் பார்த்த மாதிரி கட்டாதே. பின்னால செடிகொடி பச்சையா இருந்தா சூடு குறைவா இருக்கும், சென்சார் நல்லா வேலை செய்யும்.

6. படத்தை எப்படிப் படிக்கிறது?

படம் வந்ததும் "அய்யோ எவ்வளவு அழகு"ன்னு வாட்ஸ்ஆப்ல போடறதுக்கு முன்னாடி நிதானமா உட்கார்ந்து பாரு. ஒரு வரிசையைச் சொல்றேன். 5.52க்கு ஒரு பெட்டை, வேலிச் சந்துல கழுத்தை மட்டும் நீட்டி நிக்குது. ஒரு காது முன்னால, இன்னொரு காது பின்னால. வால் கீழே தொங்குது. 5.54க்கு அதே இடத்துல அதே பெட்டை, இப்போ தலை குனிஞ்சு புல்லை மோந்துக்கிட்டு இருக்கு, பின்னால இன்னும் ரெண்டு. 5.57க்குக் குட்டி உள்ளே. 6.05க்குத்தான் கொம்பன்.

இதுல நீ படிக்க வேண்டியது நாலு விஷயம். ஒண்ணு, முதல்ல வர்றது பெரும்பாலும் வயசான பெட்டைதான். அது சந்தேகப்பட்டுத் திரும்பிட்டா கூட்டமே திரும்பிரும். ரெண்டு, காதைப் பாரு. ரெண்டு காதும் ஒரே பக்கம் நிமிர்ந்து, முன்கால் ஒண்ணு தூக்கியிருந்தா எதையோ கேட்டு மிரண்டிருக்கு. வால் தூக்கி வெள்ளை தெரிஞ்சா ஓடப் போகுது. மூணு, அடுத்த சில படத்துல நாயோ ஆளோ வருதான்னு பாரு. மிரட்டினது எதுன்னு தெரிஞ்சிரும். நாலு, போகும்போது அதே சந்து வழியா போகுதா, வேற வழியான்னு பாரு. உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழின்னு வெச்சிருக்கிற கூட்டமும் உண்டு.

எண்ணிக்கையில மட்டும் ஏமாறாதே. ஒரு ராத்திரியில 40 படம் வந்தா 40 மான் இல்லை. அதே நாலு மான் போயி வந்திருக்கும். கொம்புல உடைஞ்ச கிளை, காதுல கிழிசல், தழும்பு, உடம்புப் புள்ளியோட வரிசை இதையெல்லாம் வெச்சு அடையாளம் பிடி. புலியைக் கோடு வெச்சு எண்ணுறதும் இதே முறைதான். 2018 புலிக் கணக்கெடுப்புல 26,838 இடத்துல கேமரா வெச்சாங்க. விழுந்த படம் 3,48,58,623. அதுல புலி இருந்தது 76,651. ஆயிரம் படத்துக்கு ரெண்டு! உனக்கும் கோழி, நாய், காத்து ஆட்டின கிளைன்னுதான் பாதிப் படம் வரும், சலிச்சுக்காதே.

7. ஒரு நோட்டு, ஏழு கட்டம்

தேதி, நேரம், வந்த திசை, பெட்டை/கெடா/குட்டி, மழை உண்டா இல்லையா, நிலா, பயிர் எந்தப் பருவம். இவ்வளவுதான். தவறாம எழுதிக்கிட்டே வந்தா பூ விட்ட வாரத்துல வர்றதா, காய் பிடிச்சப்புறம் வர்றதா, ஓடையில தண்ணி இருக்கும்போது குறையுதான்னு தானா தெரியும். அமாவாசை இருட்டுலதான் மான் இறங்கும்னு பெரியவங்க சொல்றதையும் உன் நோட்டே சரி பார்த்துச் சொல்லட்டும்.

வியாழக்கிழமையைத் தனியா குறிச்சு வை. அன்னிக்குத்தான் அய்யலூர் ஆட்டுச் சந்தை, இருட்டோட வண்டி ஓட ஆரம்பிச்சிரும். ரோட்டோரத் தோட்டமா இருந்தா அன்னிக்கு மான் நேரம் மாறுதான்னு பாரு.

கேமராகிட்ட அடிக்கடி போகாதே. மானுக்கு மூக்குதான் முதல் காவல். வாரத்துக்கு ஒரு தடவை, உச்சிவெயில்ல, அது நிழல்ல படுத்திருக்கிற நேரமா போ. ரெண்டு மெமரி கார்டு வெச்சுக்கோ. ஒண்ணை எடு, ஒண்ணைப் போடு, திரும்பிப் பார்க்காம வா.

8. நேரம் தெரிஞ்சப்புறம் செய்ய வேண்டியது

ஊரைச் சுத்தி வேலி போடாதே, வேலியில சந்து எங்கே இருக்கோ அதை அடை. புள்ளிமான் தாண்டத் தெரிஞ்சதுதான், ஆனா நுழைய சந்து இருந்தா பெரும்பாலும் நுழைஞ்சுதான் வரும். கிளுவைப் போத்தை நெருக்கி நட்டு, அது தழைக்கிற வரைக்கும் முள்ளுப் படல் வை.

வேலியில பழைய சேலை கட்டுறதைப் பார்த்துச் சிரிக்காதே, கொஞ்ச நாள் கேட்கும். எவ்வளவு நாள் கேட்குதுன்னு கேமராதான் சொல்லும். மான் சேலைகிட்ட நின்னு சாவகாசமா மேயிற படம் வந்தா, அன்னிக்கே சேலையை இடம் மாத்திக் கட்டு.

காவலுக்கு ராத்திரி முழுக்க முழிக்காதே. நோட்டுல எந்த ஒரு மணி நேரம் திரும்பத் திரும்ப வருதோ, அந்த நேரத்துக்கு முன்னால டார்ச்சோட ஒரு நடை நட, போதும். முதல் பெட்டை திரும்பினா கூட்டமே திரும்பும்னு சொன்னேனே, அந்த ஒரு பெட்டைக்குத்தான் உன் நடை.

கிணத்துக்குச் சுவர் கட்டு. கோடையில தண்ணி தேடி இறங்குற மான் கிணத்துல விழுறதும், நாய் துரத்தி நாலுவழிச்சாலையில அடிபடுறதும் உண்டு. தோட்டத்துக்கு வெளியே, காட்டோரமா தண்ணித் தொட்டி வைக்க வனத்துறைகிட்ட ஊராட்சி மூலமா கேட்டுப் பாருங்க. தண்ணி அங்கேயே கிடைச்சா இறங்குற அவசியம் குறையும்.

கரண்டை மட்டும் தொடாதே. ஈ.பி. லைன்ல இருந்து நேரா கம்பி இழுத்து வேலியில விடுறது கொலைக்குச் சமம். 2023 மார்ச்ல தருமபுரி மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில மூணு யானை செத்துச்சு. மனுஷ உயிரும் இப்படிப் போயிருக்கு. சூரிய மின்வேலி போடணும்னா 2023ல வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகள்படி பதிவு பண்ணிட்டுப் போடு.

9. அக்கா கண்டிப்பா சொல்றது

* மானை இழுக்க உப்புக்கட்டி, தீவனம் வைக்காதே. பழகிட்டா உன் தோட்டம்தான் முதல் பந்தி. வேட்டைக்காரனுக்கும் நீயே இடம் காட்டின மாதிரி ஆயிடும்.
* இடம் தெரியுற மாதிரி படத்தை எங்கேயும் போடாதே. நாட்டுத் துப்பாக்கி, சுருக்குக் கண்ணியோட யாராவது படத்துல விழுந்தா நீ போய்க் கேட்காதே. கார்டை எடுத்துக்கிட்டு நேரா வனச்சரக அலுவலகம் போ.
* விழுந்து கிடக்கிற கொம்பை வீட்டுக்கு எடுத்துட்டு வராதே. சுவத்துல மாட்டுற ஆசையே வேண்டாம்.
* ஆடு மேய்க்கிற வழி, பொம்பளைங்க போற வர்ற வழி, பக்கத்துத் தோட்டத்துக் கிணத்தடி, இதைப் பார்த்துக் கேமரா கட்டாதே. தப்பித் தவறி யார் படமாவது விழுந்தா அங்கேயே அழிச்சிரு. கேமரா இருக்குன்னு அக்கம்பக்கத்துல முன்கூட்டியே சொல்லிரு. சொல்லாம கட்டினா மான் தகராறு போயி மானத் தகராறா வந்து நிக்கும்.
* சிம் கார்டு போட்டு போனுக்குப் படம் அனுப்புற ரகம் வாங்கணும்னா, அந்த மரத்தடியில நின்னு உன் போன்ல டவர் கிடைக்குதான்னு பார்த்துட்டு வாங்கு. மலை மறைச்சா கார்டு ரகமே போதும்.
* தேதி, நேரம் சரியா செட் பண்ணலைன்னா மொத்த உழைப்பும் வீண். பேட்டரி மாத்துற ஒவ்வொரு தடவையும் சரி பாரு. சேத மனுவோட படத்தைச் சேர்க்கும்போது அந்த நேர முத்திரைதான் பேசும்.

கேமரா கட்டின முதல் மாசம் வேலியில கை வைக்காதே, சேலை கட்டாதே, காவலையும் மாத்தாதே, பார்க்க மட்டும் செய். அப்புறம் ஒரு நேரத்துக்கு ஒரு மாத்தம் மட்டும் பண்ணு. எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுச்சுன்னு கேமராவுக்கே தெரியாது.